நாற்பத்து மூன்று செய்திகள்

போன குளிர்காலம் முழுக்க அந்தப் பாட்டு என்னைத் துரத்தித் துரத்தி அடித்தது. பல் பிடுங்கப் போனால் அங்கே. மீன் வாங்கப் போனால் அங்கே. பள்ளிக்கூடச் சீருடையில் மூன்று பெண்கள் தினமும் நாலு மணிக்கு எங்கள் கடை வாசலில் நின்று, சூடான கட்லெட்டை ஊதி ஊதித் தின்றுகொண்டே அதை முணுமுணுப்பார்கள். ஒருநாள் ஒருத்தி கேட்டாள்: “இப்படி ஒருத்தி நெஜமாவே இருப்பாளாடி?”

“இருந்தா போலீஸ்ல புடிச்சுக் குடுக்கணும்” என்றாள் இன்னொருத்தி. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இருக்கிறாள். சாஸ் வேண்டுமா வேண்டாமா என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டு நின்றவள்தான் அவள்.

எங்கள் நாட்டில் அளவுக்கு மீறிக் காதலிக்கிறவளைப் ‘பாரமானவள்’ என்போம். நேரில் அப்படி ஒருத்தி மாட்டினால் ஆண்கள் தலைதெறிக்க ஓடுவார்கள். அவளைப் பற்றிய பாட்டு என்றால் மட்டும் வரிசையில் நின்று வாங்குவார்கள். நாலைந்து வருஷமாக இதுதான் மோகம். ‘நீ இல்லாவிட்டால் மூச்சு நிற்கும்’, ‘உன் நிழலை மடித்து என் பையில் வைத்துக்கொள்வேன்’ என்று பத்தொன்பது வயதுப் பெண்கள் பல் தெரியச் சிரித்தபடி ஆடிக்கொண்டே பாடுகிறார்கள். பாடுகிற அந்தப் பெண்கள் காதலிக்கவே கூடாது என்பது அவர்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இதில் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நான் ட்ராக் பாடுகிறவள். பகலில் கோயெஞ்சி கடைத்தெருவில் மகிமுரா அக்காவின் கடையில் கட்லெட் பொரிப்பேன். அழைப்பு வந்தால் பாடப் போவேன். ஒரு நட்சத்திரப் பெண்ணுக்குப் பாட்டு வேண்டும் என்றால் கம்பெனி ஒரு தாள் அனுப்பும். எப்படிப்பட்ட பாட்டு, எந்தத் தேதிக்குள் என்று அதில் இருக்கும். முந்நூறு, நானூறு பேர் பாட்டுச் செய்து அனுப்புவார்கள். ஒன்று தேறும். மெட்டை மட்டும் அனுப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால் என்னைப் போல ஒருத்தி அதைப் பாடியிருக்க வேண்டும். தேறிய பாட்டை அந்த நட்சத்திரப் பெண் என் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் பழகுவாள், மூச்சை எங்கே இழுப்பது என்பது வரை. அதற்கப்புறம் என் குரலை அழித்துவிடுவார்கள். பெயர் எங்கேயும் வராது. முப்பத்தைந்து வயதில் எனக்குப் பத்தொன்பது வயதுக் குரல் வரும். கடவுள் எனக்கு அதோடு நிறுத்திக்கொண்டார்.

தொமோனாரி பாட்டும் எழுதுவான், மெட்டும் போடுவான். மூன்று வருஷம் அவனோடு இருந்தேன், தனித்தனி வீட்டில்தான். அவனைக் கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். ஆனால் குளிர்காலத்தில் கமலா ஆரஞ்சை உரித்து, சுளைமேல் இருக்கிற வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு எனக்கு ஊட்டுவான். என் அம்மாகூட எனக்கு நார் எடுத்துத் தந்தது கிடையாது. அந்த நாருக்குத்தான் விழுந்தேன் என்று நினைக்கிறேன்.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவன் திடீரென்று காணாமல் போவான். பத்து நாள், பன்னிரண்டு நாள். போனை எடுக்க மாட்டான், கதவைத் திறக்க மாட்டான். நான் அனுப்புகிற செய்திக்குப் பக்கத்தில் ‘படித்தாயிற்று’ என்ற சின்ன எழுத்து மட்டும் உடனே வந்து நிற்கும். படிக்காமல் இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். படித்துவிட்டுச் சும்மா இருப்பது இருக்கிறதே, அதற்குச் செருப்பால் அடிக்கலாம்.

மூன்றாவது தடவை ஜூன் மாதம், மழைக்காலத் தொடக்கத்தில் காணாமல் போனான். பதினொரு நாள். நான் நாற்பத்து மூன்று செய்திகள் அனுப்பினேன்.

முதல் செய்தி, ‘குடை எடுத்துட்டுப் போனியா?’ இதில் பாரம் எதுவும் இல்லை. ஐந்தாம் நாளில் பாரம் ஏற ஆரம்பித்தது. ‘உன் ரயில் லேட்டுன்னு சொன்னா எனக்குச் சந்தோஷமா இருக்கு. நீ வராததுக்கு ஒரு காரணம் கிடைக்குதே.’ ஏழாம் நாள்: ‘உன் பல்துலக்கி காய்ஞ்சு போச்சு. தினமும் தண்ணியில நனைச்சு வைக்கிறேன். இப்பத்தான் துலக்கிட்டு வெளிய போன மாதிரி இருக்கட்டும்.’ ஒன்பதாம் நாள்: ‘ஃபிரிட்ஜ்ல உன் புட்டிங் நேத்தோட காலாவதி. தூக்கிப் போட மாட்டேன். என்கூட அதுவும் காத்திருக்கட்டும்.’ கட்லெட் பொரிக்கிற நேரத்தில், ஒரு கையில் சல்லடைக் கரண்டியும் மறு கையில் போனுமாக அனுப்பியவை இவை.

“எண்ணெயில போனை போட்டுப் பொரிச்சிடப்போறே” என்றாள் மகிமுரா அக்கா. அறுபது வயது, இரண்டு புருஷன்களைப் பார்த்தவள், ஒருவனைப் பற்றியும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. “அவன் செத்துட்டானா?”

“இல்லக்கா. படிக்கிறான்.”

“படிக்கிறானா? அப்போ செத்திருந்தா நல்லா இருந்திருக்கும்.”

பதினொன்றாம் நாள் மத்தியானம் நாற்பத்து இரண்டாவதை அனுப்பினேன். ‘பதில் வேண்டாம். படிச்சா போதும்.’ உடனே படித்தாயிற்று என்று வந்தது. கடை வேலை முடிகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் நாற்பத்து மூன்றாவது: ‘இல்ல. பதில் வேணும்.’

எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கல்யாணம் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. ஒரு பதில். அதுவும் படித்தாயிற்று.

மறுநாள் காலை அவனே கூப்பிட்டான். “சிதோசே, ஒரு ட்ராக் இருக்கு. இன்னிக்கே அனுப்பணும். வர்றியா?” எங்கே போயிருந்தாய் என்று நான் கேட்கவில்லை. போகிற வழியில் புதுப் புட்டிங் இரண்டு வாங்கினேன். என் லட்சணம் அது.

அவன் வீட்டில் படுக்கை மடித்து வைக்கிற அலமாரிதான் பாடுகிற அறை. சுற்றிலும் பழைய மெத்தைகளைத் தொங்கவிட்டிருப்பான். நான் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, சின்ன விளக்கில் பாட்டுத் தாளைப் பார்த்தேன். தலைப்பு, ‘காலாவதி’.

இரண்டாவது வரியில் ரயில் தாமதமாக வந்தது. பல்லவியில் பல்துலக்கி நனைந்தது. சரணத்தில் என் புட்டிங் காத்திருந்தது.

இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. ஒற்றை வார்த்தை பதில் போடாதவன் ஒரு பாட்டையே பதிலாகப் போட்டுவிட்டான் என்று நினைத்தேன். பதினொரு நாளும் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான், என்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான் என்று நினைத்தேன். மடச்சி.

“ரெடியா?” என்று வெளியிலிருந்து கேட்டான். தெருவில் பழைய சாமான் வாங்குகிற வண்டி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனது. அது போகிற வரை இருவரும் காத்திருந்தோம். பிறகு பாடினேன். என்னுடைய வார்த்தைகளை, அவன் மெட்டில், யாரோ ஒரு பத்தொன்பது வயதுக்காரியின் குரலில்.

“கொஞ்சம் குறைச்சுக்கோ” என்றான் நடுவில். “ரொம்ப நெஜமா இருக்கு. பாடப்போற பொண்ணு சின்னப் பொண்ணு, பயந்துடும். சிரிச்சுக்கிட்டே பாடு.”

சிரித்துக்கொண்டே பாடினேன். கடைசி வரி, ‘பதில் வேண்டாம், படித்தால் போதும்’. அதோடு பாட்டு முடிந்தது. நாற்பத்து மூன்றாவது செய்தி அதில் இல்லை. இசை தேய்ந்துகொண்டே போனபோது, பழக்க தோஷத்தில், மூச்சோடு மூச்சாக அதை நானே சொன்னேன்: “இல்ல. பதில் வேணும்.” அவன் காதில் விழவில்லை. அடுத்த அறைக்குக் காப்பி போடப் போயிருந்தான்.

அலமாரியிலிருந்து இறங்கி அவன் மேசைமேல் புட்டிங்கை வைத்தபோது கம்பெனித் தாளைப் பார்த்தேன். அதை அவன் ஒளித்து வைக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை போல. ‘மிகவும் பாரமான காதல். கேட்கப் பயமாகவும் அழகாகவும் இருக்க வேண்டும். அன்றாட வீட்டுச் சாமான்கள் வந்தால் நல்லது. கத்தி வேண்டாம். பெண் கோபப்படக் கூடாது. கடைசிவரை காத்திருக்க வேண்டும்.’ தாள் வந்த தேதி, ஜூன் மூன்று. கடைசித் தேதி, பதினான்கு.

ஜூன் மூன்று மாலைதான் அவன் கடைசியாக எனக்குப் பதில் போட்டது.

அவன் இரண்டு கோப்பையோடு வந்து என் கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

“இது என்னோட செய்தி” என்றேன்.

“ஆமா. மெட்டுக்கு ஏத்த மாதிரி அங்கங்க தட்டியிருக்கேன்.”

“பதினொரு நாளா இதுக்குத்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தியா?”

“பதில் போட்டிருந்தா நீ நிறுத்தியிருப்பே” என்றான்.

இதைச் சொன்னபோது அவன் முகத்தில் குற்றவுணர்வும் இல்லை, திமிரும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

“போன வருஷம் ரெண்டு தடவ?”

“அது தேறல. அப்போ நீ இவ்வளவு நல்லா எழுதல.” காப்பியை என் பக்கம் தள்ளினான். “சிதோசே, கோச்சுக்காதே. எனக்கு இப்படி எழுத வராது. ஒருத்தரையும் இவ்வளவு ஆசையா நெனைக்க எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுது. நீ ஒரு பொக்கிஷம்.”

அப்போதே காப்பியை அவன் மூஞ்சியில் வீசிவிட்டு வந்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். குடித்துவிட்டு வந்தேன். ‘பொக்கிஷம்’ என்றானே, அதை ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தேன். ஜூலையிலும் போனேன், ஆகஸ்டிலும் போனேன். நம்மைத் தோலுரித்து உப்புக்கண்டம் போடுகிறவனைக்கூட, நம்மை இவ்வளவு கவனமாகப் பார்த்தவன் வேறு யாரும் இல்லை என்பதற்காகப் பிடித்துக்கொண்டு தொங்கலாம். நான் தொங்கினேன்.

பாட்டு தேறியது. இரோஹா என்ற பெண் முன்வரிசையில் நிற்கிற ஒரு குழுவுக்கு அது போயிற்று. அக்டோபரில் வெளிவந்தபோது மகிமுரா அக்கா கடை ரேடியோவில் முழுக்கக் கேட்டாள். புட்டிங் வந்ததும் ரேடியோவை அணைத்தாள்.

“இது உன் வீட்டு ஃபிரிட்ஜ்தானே?”

“ஆமாக்கா.”

“அவன் பேரு மட்டும் சொல்றாங்க?”

“ஆமா.”

“அடி போடி, முட்டாச் சிறுக்கி” என்றாள். அன்றைக்கு மீதமான கட்லெட் எல்லாவற்றையும் எனக்கே கட்டிக் கொடுத்தாள்.

நவம்பரில் கைகுலுக்கல் நாள் வந்தது. பாட்டு வட்டு ஒன்று வாங்கினால் ஒரு சீட்டு. ஒரு சீட்டுக்கு, பாடிய பெண்ணின் கையைப் பத்து விநாடி பிடிக்கலாம். நான் ஒன்றே ஒன்று வாங்கினேன். எதற்குப் போனேன் என்றால், அந்தப் பெண்ணிடம் அவை என் வார்த்தைகள் என்று சொல்லத்தான். உலகத்தில் ஒருத்திக்காவது தெரியட்டும் என்று இருந்தது. மகுஹாரியில் விமானம் நிறுத்துகிற அளவுக்குப் பெரிய கூடம், மத்தியானம் இரண்டு மணி. எனக்குப் பின்னால் நின்ற வழுக்கைத் தலைக்காரர் கையில் முப்பது சீட்டு. “இன்னிக்கு மொத்தம் அஞ்சு நிமிஷம்” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். பாவம், அவரும் பாரமானவர்தான்.

அதே குழுவில் ஒருத்தி போன மாதம் ஒரு பையனோடு நூடுல்ஸ் சாப்பிட்ட படம் வெளியாகி, மேடையில் குனிந்து அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டு விலகியிருந்தாள். அவள் நிற்க வேண்டிய மேசை காலியாக இருந்தது. அதன்மேல் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கியிருந்தார்கள்.

என் முறை வந்தது. இரோஹா நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். கை சில்லென்று இருந்தது. காலையிலிருந்து ஆயிரம் கைகளைப் பிடித்த கை. “வந்ததுக்கு ரொம்ப நன்றி!” என்று பாடமாகச் சொன்னாள்.

“அந்தக் கடைசி வரியை நல்லா பாடியிருக்கீங்க” என்றேன். சொல்ல வந்தது அது இல்லை. பயத்தில் அதுதான் வந்தது.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. கை என் கையை இறுக்கிக்கொண்டது.

“அக்கா” என்றாள் மெதுவாக. “இன்னொரு தடவ பேசுங்க.”

“என்ன பேசணும்?”

“ட்ராக்ல பாடினது நீங்கதான். முந்நூறு தடவ கேட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? நீங்க மூச்சு எடுக்கிற இடத்துலதான் நானும் எடுக்கிறேன்.” அவள் குனிந்து வேகவேகமாகப் பேசினாள். “பாட்டு முடிஞ்சப்புறம் ஒண்ணு சொன்னீங்களே. வெளிவந்ததுல அது இல்ல. நான் மட்டும் அந்த ட்ராக்கை வைச்சிருந்து தினம் அதையும் சேர்த்துத்தான் கேட்பேன். அக்கா, பதில் வந்துச்சா?”

பத்து விநாடி முடிந்துவிட்டது. ஆளை நகர்த்துவதற்கென்றே நிற்கிற பையன் என் தோளில் கை வைத்து, மரியாதையாக, பெட்டியைத் தள்ளுவது போலத் தள்ளினான். அதற்குள் வழுக்கைத் தலைக்காரர் சீட்டை நீட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டார். இரோஹா அவர் கையைப் பிடித்து “வந்ததுக்கு ரொம்ப நன்றி!” என்றாள். கண் மட்டும் என் பக்கமே இருந்தது.

திரும்பி வருகிற ரயிலில் அழுதேன். மூன்று வருஷத்தில் யாரும் கேட்காததை, காதலிக்க அனுமதி இல்லாத ஒரு குழந்தை கேட்டுவிட்டது. அதுவும் பத்து விநாடிக்குள். அந்த நாற்பத்து மூன்றும் ஒருவனிடம் கேட்ட கேள்வி என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. அவனுக்கு அவை சரக்கு. வீட்டுக்கு வந்ததும் அவன் பல்துலக்கியைக் குப்பையில் போட்டேன், பிளாஸ்டிக் குப்பை எடுக்கிற நாள் அது இல்லை என்று தெரிந்தும்.

ஜனவரி எட்டாம் தேதி தொமோனாரி மறுபடி காணாமல் போனான். எனக்குச் சிரிப்பு வந்தது. புதுத் தாள் வந்திருக்கிறது. தேறிய பாட்டுக்கு அடுத்த பாகம் கேட்டிருப்பார்கள். அதே பெண், அதே பாரம், இன்னும் கொஞ்சம் கூட.

சிரித்தேனே தவிர விரல் சும்மா இருக்கவில்லை. முதல் நாளே ‘சாப்பிட்டியா’ என்று அடித்து அழித்தேன். இரண்டாம் நாள் மகிமுரா அக்காவிடம் போனைக் கொடுத்து, “நான் கேட்டாலும் குடுக்காதீங்க” என்றேன். அவள் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ரொட்டித்தூள் டப்பாவுக்குள் புதைத்தாள். நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் கரண்டியால் கையில் அடித்தாள். ஒரு தடவை நிஜமாகவே வலித்தது. போன் சாயங்காலம் திரும்பக் கிடைக்கும், வீட்டில் அதைத் தொடாமல் இருப்பதுதான் நரகம். ஒரு செய்திகூட அனுப்பவில்லை.

எட்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு ரொட்டித்தூள் டப்பா அதிர்ந்தது. உடனே மறுபடி அதிர்ந்தது. மகிமுரா அக்கா மூடியைத் திறந்து போனை எடுத்துத் தட்டி என்னிடம் நீட்டினாள்.

“உன் பொணம் எந்திரிச்சிடுச்சு” என்றாள்.

‘சிதோசே, ஏன் ஒண்ணும் அனுப்பல?’ என்பது முதலாவது. அடுத்தது, ‘தாள் தேதி முடியப்போகுது.’ அதை அனுப்பிய உடனேயே அழித்திருந்தான், ஆனால் அறிவிப்பில் நான் பார்த்துவிட்டேன். அப்புறம் அரை மணி நேரம் எதுவும் இல்லை. அப்புறம் வர ஆரம்பித்தன.

‘நீ இல்லாம வீடு வீடா இல்ல.’ இது ஊரில் எல்லோரும் பாடுவது. ‘உன் பல்துலக்கியை நனைச்சு வைச்சிருக்கேன்.’ அவன் வீட்டில் எனக்குப் பல்துலக்கி கிடையாது. ‘உன் ரயில் லேட்டா இருக்கும்னு நெனச்சுக்கிறேன்.’ நான் சைக்கிளில் போகிறவள். ‘உன் புட்டிங் காலாவதி ஆயிடுச்சு. தூக்கிப் போட மாட்டேன். என்கூட அதுவும் காத்திருக்கட்டும்.’

வரிசையாக வந்தன. பாட்டில் போட்ட என் வரிகள்தான், ஒன்று விடாமல். கெஞ்ச வேண்டிய நேரத்தில்கூட அவனிடம் சொந்தமாக ஒரு வார்த்தை இல்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் புட்டிங் வரியைப் படித்தபோது, என்னை ஒருவர் இவ்வளவு விரும்புகிறாரே என்று ஒரு கணம் நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணில் நீர் வந்தது. எழுதியது நான்தான் என்று தெரிந்தும் வந்தது. நல்ல வரிகள். அந்த ஜூனில் இவை எனக்கு வந்திருந்தால் நான் பதில் போட்டிருப்பேன், முதல் செய்திக்கே போட்டிருப்பேன். அவன்மேல் இருந்த கோபத்தைவிட இது எனக்கு அதிகமாகக் கசந்தது.

“என்னவாம்?” என்றாள் மகிமுரா அக்கா.

“பதில் வந்திருக்குக்கா.”

“என்ன பதில்?”

“நான் அனுப்பினது.”

அவள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்த்தாள். அப்போது கடைசியாக ஒன்று வந்தது. ‘பதில் வேண்டாம். படிச்சா போதும்.’

கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்பத்து மூன்றாவது வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அது பாட்டில் இல்லை. ஆகவே அவனிடமும் இல்லை.

“எண்ணெய் காஞ்சிருச்சுடி” என்றாள் அக்கா.

படித்தாயிற்று. அவன் கேட்டது அவ்வளவுதான். போனை ரொட்டித்தூளுக்குள் புதைத்து மூடிவிட்டு, முதல் ஈடு கட்லெட்டை எண்ணெயில் இறக்கினேன்.